கூப்பிடாத பேர்

பன்னெண்டு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லிப்போடு அம்மணி, பிரஸ்காரர் மத்தியானம் மெஷின்ல ஏத்தறேன்னு நிக்கறாருன்னு சொல்லிட்டு குழந்தைவேல் மாமா ஃபோனை வெச்சுட்டாரு. காலையில இருந்து இது மூணாவது ஃபோன். மணி பத்தே முக்கால். எனக்கு முன்னாடி ரெண்டு திரை இருக்கு, மேசை மேல பெருசா ஒண்ணு, கையில சின்னதா ஒண்ணு. பெரிய திரையில நான் எழுதின ஜாவா ப்ரோக்ராம் கோடு. சின்னத் திரையில நவீனாவோட கல்யாணப் பத்திரிகை, மூணு மாதிரி. நவீனா மாமாவோட பொண்ணு, மாமா என் வீட்டுக்காரரோட அண்ணன். வீட்டுக்காரர்னு வாய் கூசாம சொல்றேன் பாரு, வீட்டை விட்டுப் போயி இந்த ஐப்பசியோட ஏழு வருஷம். பத்திரிகையில சித்தப்பா சித்தி பேர் வர்ற இடத்துலதான் மூணும் வேற வேற. முதல்ல 'அமரர் வெ. நல்லசிவம்'. அடுத்ததுல 'திரு. வெ. நல்லசிவம் – திருமதி. சாரதாமணி'. மூணாவதுல வெறும் 'திருமதி. சாரதாமணி, கோவை', அவ்வளவுதான், அப்படி ஒரு ஆளு அந்தக் குடும்பத்துல பொறக்கவே இல்லைங்கற மாதிரி. எதைப் போடறதுன்னு நான் சொல்லோணுமாம். நான் என்ன எமனோட கணக்குப்புள்ளையா? ஏழு வருஷம் தகவலே இல்லைன்னா செத்ததாத்தான் சட்டமே எடுத்துக்கும்னு வக்கீல் சொன்னாருங்கறாரு, ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்கங்கறாரு, ஆனா நீ வாயத் தொறந்து சொன்னாத்தான் போடுவேன்னும் சொல்றாரு. போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, யார் கையப் புடிச்சா. எனக்கு ஒண்ணும் தோணலை. பல்லு புடுங்க ஊசி போட்டதுக்கு அப்பறம் கன்னத்தைத் தொட்டா அடுத்தவங்க கன்னத்தைத் தொடற மாதிரி இருக்குமே, நெஞ்சுக்குள்ள அப்படித்தான் இருக்கு. அழுகை வரோணும்னு பாக்கறேன், வரலை. ஏசி காத்து பின்னங்கழுத்துல அடிக்குது. பக்கத்து சீட்டுல யாரோ வறுத்த பட்டாணி மெல்றாங்க, கடக் கடக்குன்னு.

ஜாவா கோடையே பார்க்கலாம். கோடு நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு கேக்காது. அரசூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் ஃபவுண்டரிக்கு நாங்க எழுதிக் குடுத்தது இது, யார் யார் உள்ள இருக்காங்கன்னு சொல்ற மென்பொருள். காலையில கம்பெனி பஸ்ல ஏறறவங்க நம்பரை எல்லாம் டிரைவர் ஒரு மெஷின்ல அமுத்துவாரு, அமுத்தினதும் அந்த நம்பர் ஒரு மேப்புல போய் உக்காந்துக்கும். மேப்புன்னா பெரிய சமாச்சாரம் இல்லை, ஒரு பக்கம் நம்பர், அதுக்கு எதிர்ல ஒரு விவரம். பஸ்ல ஏறும்போது எதிர்ப்பக்கம் காலி, அதை நாங்க நல்லுன்னு சொல்லுவோம். கேட்டுல வந்து கார்டைத் தேய்ச்சதும் எந்த கேட்டு, எத்தனை மணிங்கற ரெண்டையும் ஒரு ரெக்கார்டாக் கட்டி அந்தக் காலி இடத்துல வெச்சுரும். போன வியாழக்கிழமை அங்க தீ ஒத்திகை வெச்சாங்க. சைரன் ஊதினா எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வரோணும், உள்ள வந்தவங்க பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவாங்க, எந்தப் பேருக்கு யாரும் கையத் தூக்கலையோ அந்த ஆளைத் தேடிக்கிட்டு உள்ள போவாங்க. கூப்பிட்டாங்க. நானூத்திப் பன்னெண்டு பேர் கூப்பிட்டு நானூத்திப் பன்னெண்டு கையும் மேல வந்துச்சு. கையத் தட்டி, ஷட்டரை எறக்கிட்டு, வடையும் டீயும் சாப்பிடப் போயிட்டாங்க. மாரப்பன் உள்ளதான் இருந்தாரு. மணல் அச்சு செய்யற கோர் ஷாப்ல, அடுப்புக்குப் பின்னால. முப்பது வருஷ மெஷின் சத்தத்துல காது மந்தமாப் போன ஆளு, சைரன் கேக்கலை. அன்னைக்கு அவரு கார்டை மெஷின் எடுக்கலை, நாலு தடவை தேய்ச்சும் எடுக்கலை, வாட்ச்மேன் 'போங்கண்ணா, அப்பறம் பாத்துக்கலாம்'னு கையக் காட்டி விட்டுட்டாரு. அங்க அது வழக்கம்தான். தெனமும் மூஞ்சி பாக்கற மனுசனை ஒரு அட்டைக்காக வெளிய நிறுத்தி வெப்பாங்களா? அதனால பஸ்ல அமுத்தின அவரு நம்பர் மேப்புல இருக்கு, எதிர்ல நல். முக்கால் மணி நேரம் கழிச்சு ஷட்டரைத் தூக்கினா, இருட்டுல ஒரு கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்திருந்தாராம். கோவிச்சுக்கலை. 'ஏனுங்க, என்ற பேரைக் கூப்பிடவே இல்லீங்களா?'ன்னு மட்டும் கேட்டாராம். அவங்க சேஃப்டி ஆபீசர் இதை ஃபோன்ல சொல்லிட்டுச் சிரிச்சாரு. நானும் என்னவோ சிரிச்ச மாதிரிதான் ஞாபகம்.

ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியும் நான் எழுதினது. அதுக்கு முன்னாடி அங்க பதினாலு வரி இருந்துச்சு, வேலையை விட்டுப் போன யாரோ எழுதினது, நம்பர் மேப்புல இருக்கான்னு பாரு, இருந்தா எதிர்ல இருக்கறதை எடு, அதுல இருந்து கேட்டை எடு, அப்பறம் நேரத்தை எடுன்னு வழவழன்னு போகும். புது ஜாவாவுல ரெக்கார்டு பேட்டர்ன் வந்ததும் எனக்கு ஒரே குஷி. மேப்புல இருந்து கையில வந்ததைப் பார்த்து, நீ கேட்டும் நேரமும் உள்ள ரெக்கார்டான்னு ஒரே மூச்சுல கேக்கலாம். ஆமான்னா ரெண்டும் பிரிஞ்சு தனித்தனியாக் கைக்கு வந்துரும். இல்லைன்னா எல்ஸ், மத்ததெல்லாம் போற வழி. எல்ஸுக்கு நேரா 'வரவில்லை'ன்னு எழுதினேன். எவ்வளவு சுத்தம், எவ்வளவு அழகுன்னு டீம் முழுக்கக் காட்டினேன், தீபாவளிக்குப் பட்டுச்சேலை கட்டின மாதிரி. இப்பத்தான் உறைக்குது. நல் வந்தா ரெக்கார்டு பேட்டர்ன் ஒத்துக்காது. ஒத்துக்கலைன்னா சண்டை போடாது, சத்தம் போடாது, பேசாம எல்ஸ் பக்கம் நடந்து போயிரும். பஸ்லயே ஏறாத ஆளுக்கு மேப்பு நல்லுன்னுதான் சொல்லும். பஸ்ல ஏறி, வந்து, உள்ள போயி, விவரம் மட்டும் இல்லாத ஆளுக்கும் நல்லுன்னுதான் சொல்லும். ரெண்டு பேரையும் ஒரே குழியில தள்ளிட்டேன். அந்தப் பழைய பதினாலு வரியா இருந்திருந்தா, நம்பர் இருக்குன்னு நம்பி உள்ள கைய விட்டு, காலியைத் தொட்டதும் கூப்பாடு போட்டு அங்கயே விழுந்திருக்கும். எல்லாரும் ஓடி வந்து என்ன ஏதுன்னு பார்த்திருப்போம். கூப்பாடு அசிங்கம்னு அதை வெட்டி எறிஞ்சது நான்தான். ஃபெலிக்ஸ் வர்றாரு. என்னை விட ஒம்பது வயசு சின்னவரு, எங்க டீமுக்கு லீடு. "மேடம், ரெண்டு மணிக்கு ஃபவுண்டரிக்காரங்களோட கால் இருக்கு. ரொம்ப மண்டையக் குழப்பிக்காதீங்க. கார்டு சரியாத் தேய்க்கலை, ஆள் தரப்புத் தப்புன்னு அறிக்கை எழுதி முடிச்சிரலாம்"னாரு. "அவரு நாலு தடவை தேய்ச்சாரு ஃபெலிக்ஸ்"னு சொன்னேன். "அது யாருக்குத் தெரியும்?" "எனக்குத் தெரியும்." ஒரு மாதிரி என்னைப் பார்த்துட்டு, டீ வேணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்.

எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். எனக்கு என்னென்னமோ தெரியும். என் வீட்டுக்காரர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில கம்பங்களி கேட்டாரு, இல்லை, தோசைதான்னு சொன்னேன், ரெண்டு சாப்பிட்டாரு. பெட்ரோல் போட்டுட்டு வந்தர்றேன்னு வண்டியை எடுத்தாரு. போத்தனூர் ஸ்டேஷன் ஸ்டாண்டுல வண்டி கெடைச்சுது, டேங்க் நெறைய பெட்ரோல். அதை நெனைச்சா இன்னைக்கும் எரிச்சலா வருது, போற ஆளு எதுக்கு டேங்கை நெறைச்சுட்டுப் போகோணும். சொன்னதைச் செஞ்சுட்டாராமா. அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா வீட்டுல பேச்சே இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருந்தாரு, கடைக்குப் போவாரு, வருவாரு, கையில எண்ணெய் வாசத்தோட சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பாரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பாரு. மறுபடி கேட்டா மறுபடி ஒண்ணுமில்லை. மூணாவது தடவை நான் கேக்கலை. எனக்கும் ஆபீஸ் இருந்துச்சு, கால் இருந்துச்சு, ரிலீஸ் இருந்துச்சு. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னே எடுத்துக்கிட்டேன். அது உள்ள ஆள் இருந்து விவரம் மட்டும் வராத ஒண்ணுமில்லைன்னு இப்பக் கோடைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன், வெக்கக்கேடு. போன பெறகு எல்லாம் பண்ணினோம். போலீஸ்ல எழுதிக் குடுத்தோம், பேப்பர்ல போட்டோ போட்டோம், பழனி, திருவண்ணாமலைன்னு மாமா அலைஞ்சாரு, கண்டவங்க சொன்ன கோயில் மண்டபம் எல்லாம் படுத்திருக்கறவங்க போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துட்டு வந்தாரு. ரெண்டாவது வருஷம் மாமாவுக்கு முழங்கால் போச்சு. மூணாவது வருஷம் யாரும் எதுவும் கேக்கறதை விட்டாச்சு. மணி பதினொண்ணு அஞ்சு. பட்டாணி தீந்துருச்சு போல, சத்தம் நின்னுருச்சு.

அமரர்னு போட்டா சுலபம். அதை ஒத்துக்கோணும். பொட்டு எடுக்கறதா வெக்கறதான்னு நான் முழிக்க வேண்டாம், மத்தவங்களும் என்னை எங்க நிறுத்தறதுன்னு முழிக்க வேண்டாம். போன வைகாசியில திருப்பூர்ல ஒரு கல்யாணம். தாம்பாளத்துல குங்குமமும் பூவும் வெச்சு ஒரு அத்தை வரிசையாக் குடுத்துட்டு வந்தாங்க. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு நெத்தியில வெச்சு விட்டாங்க. என்கிட்ட வந்ததும் கை நின்னுருச்சு. குடுக்கவும் முடியலை, தாண்டிப் போகவும் முடியலை பாவம். தாம்பாளத்தைப் பக்கத்துக் காலி நாற்காலியில வெச்சுட்டு, "எடுத்துக்கோ கண்ணு, அங்க பந்தியைப் பாத்துட்டு வந்தர்றேன்"னு போயிட்டாங்க. நானும் தாம்பாளமும் உக்காந்திருந்தோம். எடுக்கலாமா வேண்டாமான்னு நான் ஒரு கால் மணி நேரம் பார்த்துட்டே இருந்தேன், அப்பறம் வேற யாரோ வந்து தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பக் கூட கோவம் வரலை. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அமரர்னு சொல்லிட்டா அந்தக் கை நிக்காது, நேராத் தாண்டிப் போயிரும், எனக்கும் பழகிரும். மூணெழுத்து, சாரி, நாலெழுத்து, டைப் பண்ணி மாமாவுக்கு அனுப்பினா முடிஞ்சுது. கட்டைவிரல் திரை மேல போகுது, நிக்குது, போகுது. ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். மறுபடி அதே வார்த்தை. எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், ரெண்டு வருஷமா என் வயித்துக்குள்ளயே கெடக்குது.

பொரட்டாசி மாசம், பகல் பன்னெண்டரை இருக்கும். சாதம் வடிச்சுட்டு இருந்தேன். தெரியாத நம்பர்ல இருந்து ஃபோன். ஈரக் கையோட எடுத்து, சொல்லுங்கன்னேன். பேச்சு இல்லை. தூரத்துல லாரி ஆரன் கேட்டுது, ஒரு நாய் கொலைச்சுது. யாருங்கன்னேன். தொண்டையைச் செருமற சத்தம். ஒரு தடவை. நின்னு, இன்னொரு தடவை. அவ்வளவுதான், வெச்சுட்டாங்க. பதினோரு நொடின்னு காட்டுச்சு. எதையாவது பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செருமறது அவரு பழக்கம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கூட ரெண்டு தடவை செருமிட்டுத்தான் காப்பி நல்லா இருக்குன்னாரு. ஊரெல்லாம் தொண்டை கட்டற காலம், யார் வேணா செருமலாம். ஆனா எனக்குத் தெரியும். நான் திருப்பிக் கூப்பிடலை. வடிச்ச கஞ்சி கையில கொட்டிக் கொப்புளம் ஆயிருச்சு, அதுக்கு மஞ்சள் தடவிக்கிட்டு உக்காந்துட்டேன். மறுநாளும் கூப்பிடலை. அந்த நம்பரைப் பேர் இல்லாம, பேர் இருக்கற இடத்துல ஒரு புள்ளி வெச்சு ஃபோன்ல ஏத்தி வெச்சேன், இன்னும் இருக்கு. ஏன் கூப்பிடலைன்னு கேட்டா நேராவே சொல்லிர்றேன், கேக்கறதுக்குத்தான் ஆள் இல்லையே. செத்துட்டாருன்னா அழுது தீத்துக்கலாம். உசிரோட இருக்காருன்னா, எங்கயோ சாப்பிட்டு, தூங்கி, முடி வெட்டிக்கிட்டு, அஞ்சு வருஷமா என் மூஞ்சில முழிக்க வேண்டாம்னு இருக்காருன்னு அர்த்தம். அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை. கோவமும் இருந்துச்சு, நல்லா எரியற கோவம், வேணும்னா வந்து கதவைத் தட்டட்டுமே, ஃபோனைப் பண்ணிச் செருமுவாராமா. அந்தக் கோவமும் ஒரு மாசத்துல ஆறிப் போயி, அதுக்கு அப்பறம்தான் இந்த மரத்துப் போன கன்னம் வந்துச்சு. ஃபோன் வந்த ரெண்டு நாள்ல மாமா ஒடுமலையில இருந்து பஸ் ஏறி வந்தாரு, கையில ஆறு தேங்காய். சொல்லாமக் கொள்ளாம வர்ற ஆளே இல்லை. மோரைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெக்காம, "அம்மணி, உனக்கு ஃபோன் கீன் ஏதாச்சும் வந்துச்சா?"ன்னாரு. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்துச்சான்னு கேக்கறாரோன்னு நெனைச்சேன். இல்லை, பொய், எதையும் நெனைக்கலை. "இல்லீங் மாமா"ன்னேன். அந்தக் கணமே, ஒரு மூச்சுல. அவரும் சரி சரின்னுட்டு அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. தேங்காயை உரிச்சுக் கூடக் குடுக்கலையேன்னு அன்னைக்கு முணுமுணுத்தேன்.

மணி பதினொண்ணு இருவது. எழுதலாம். மேப்புல ஒவ்வொரு வரியையும் அப்படியே பிரிச்சு எடுக்க ஜாவா விடாது, அந்த வரி ரெக்கார்டு இல்லைங்கும். சரி, நானே ஒரு ரெக்கார்டு கட்டறேன், ஒரு பக்கம் நம்பர், ஒரு பக்கம் விவரம். ஒவ்வொரு வரியையும் அதுக்குள்ள எடுத்து வெக்கறேன், நல்லுன்னு இருந்தாலும் நல்லுன்னே வெக்கறேன். இப்ப ஸ்விட்ச், ஒவ்வொண்ணையும் அதது வழியில பிரிச்சு விடறது. முதல் கேஸ், நம்பர் இருக்கு, விவரத்துக்குள்ள கேட்டும் நேரமும் இருக்கு: உள்ளே. ரெண்டாவது கேஸ், நம்பர் இருக்கு, விவரம் எதா வேணா இருக்கட்டும், காலியாக் கூட இருக்கட்டும். இந்த வரிக்கு நல்லுன்னா ஆகாதுங்கற பேச்சு இல்லை, வந்ததை அப்படியே வாங்கிக்கும். இத்தனை நாளா இதை நான் எழுதினதே இல்லை, தேவைப்படலைன்னு நெனைச்சுட்டேன். இதுக்கு நேரா என்ன போடறது? 'வரவில்லை' இல்லை. 'உள்ளே'வும் இல்லை, அது எனக்குத் தெரியாது. கை தானா அடிச்சுது: 'தேடு'. மேப்புலயே இல்லாதவங்க மட்டும் 'வரவில்லை'. மூணு வழி. இவ்வளவுதான் விசயம், இதுக்குள்ள ஒரு மனுசன் முக்கால் மணி நேரம் இருட்டுல உக்காந்திருந்திருக்காரு. போன வியாழக்கிழமை விவரத்தையே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பச்சை வந்துச்சு, சரியா ஓடுதுன்னு அர்த்தம். உள்ளே நானூத்திப் பன்னெண்டு. தேடு, ஒண்ணு. கீழ மாரப்பனோட பேர். ஏனுங்க, என்ற பேரைக் கூப்பிடவே இல்லீங்களான்னு அந்த ஆளைப் பார்த்திராத எனக்கு அவரு குரல் கேக்குது, சளி புடிச்ச குரல், ரெண்டு தடவை செருமிட்டு வர்ற குரல். ரெண்டு மணிக்கு அனுப்பற அறிக்கையில 'கார்டு மெஷின் எடுக்கவில்லை, பட்டியல் அவரை விட்டுவிட்டது, அந்த வரிகளை எழுதியது நான்'னு போட்டு ஃபெலிக்ஸுக்கு அனுப்பிட்டேன். அவரு மூணு சீட்டு தள்ளி இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாரு. பார்த்தா பார்க்கட்டும்.

பதினொண்ணே முக்காலுக்கு நானே ஃபோன் பண்ணினேன். பின்னால பிரஸ் மெஷின் ஓடற சத்தம். "சொல்லு அம்மணி"ன்னாரு மாமா, உடனே எடுத்துட்டாரு, கையிலயே வெச்சிருந்திருப்பாரு. "பேரைப் போடுங் மாமா. ரெண்டாவது மாதிரி. முன்னாடி திருன்னே இருக்கட்டும்." "வர்றவங்க எல்லாம் எங்கன்னு கேப்பாங்களே கண்ணு. நான் என்னன்னு சொல்றது?" "தெரியலைன்னு சொல்லுங்க. தேடறோம்னு சொல்லுங்க."  மெஷின் மட்டும் தடக்குத் தடக்குன்னு ஓடுது. வெச்சுருவாரோன்னு பயம் வந்துச்சு. ஏழு வருஷத்துல முதல் தடவையா நெசமாவே ஒரு பயம். "மாமா, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேனுங். ரெண்டு வருஷத்துக்கு முந்தி பொரட்டாசியில எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. பேசலை. ரெண்டு தடவை செருமிட்டு வெச்சுட்டாங்க. நீங்க கேட்டப்ப இல்லைன்னுட்டேன்." மெஷின் சத்தம் கொறைஞ்சுது, அவரு வெளிய நடந்து வந்திருக்கோணும், காக்கா கத்தறது கேக்குது. "ரெண்டாவது சனிக்கிழமை"ன்னாரு. நான் கெழமை சொல்லவே இல்லை. "ஆமாங்." "பகல்ல." "ஆமாங் மாமா." "எனக்கும் வந்துச்சு அம்மணி. அதைக் கேக்கத்தான் அன்னைக்குத் தேங்காயத் தூக்கிட்டு ஓடியாந்தேன். நீ இல்லைன்னுட்டே. பொண்டாட்டிக்கே பண்ணாதவன் எனக்கு எங்க பண்ணப் போறான், இவன் எவனோ ராங் நம்பருன்னு நானும் விட்டுப்போட்டேன். விட்டேன்னு சொல்றேன், எங்க விட்டேன்? உன்ற வாயால அமரர்னு ஒரு வார்த்தை வந்துட்டா மறந்தர்லாம்னுதான் காலையில இருந்து உன்னைப் போட்டுப் படுத்தறேன்." அவரு அழறாருன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. என் கன்னம் ஈரமா இருக்கு, தொட்டுப் பார்த்தேன், என் கன்னம்தான். "அந்த நம்பர் வெச்சிருக்கியா?"ன்னாரு. வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு, ஃபோனைக் காதுல இருந்து எடுத்து, பேருக்குப் பதிலா அந்தப் புள்ளி இருக்கற இடத்தைத் தேடிப் புடிச்சேன். முதல் அஞ்சு நம்பரைச் சொல்லிட்டு மூச்சு வாங்க நின்னேன். மீதி அஞ்சையும், எழுதி வெச்ச சீட்டு எதையும் தேடாம, மாமா சொன்னாரு.